கலூரில் நான் கழித்த கண்ணேறு

கவலைப்படுவதற்கு மாதச் சம்பளம் கொடுக்கும் வேலை உலகத்தில் ஒன்று உண்டென்றால், அது வங்கியின் கடன் பிரிவு. எர்ணாகுளத்தில் ஒரு வங்கிக் கிளையில் பல வருடங்களாக நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது தன் கனவை ஒரு கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மழை வந்தால் என்ன செய்வீர்கள், மழை வராவிட்டால் என்ன செய்வீர்கள், பங்காளி ஓடிப்போனால் என்ன செய்வீர்கள் என்று வரிசையாகக் கேட்பேன். வந்தவர் முகம் வாடிவிடும். (சிலர் அதற்குப் பிறகு பிராட்வே கடைத்தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள்.) ஆறு மணிக்கு வங்கியை மூடிவிடுகிறார்கள். என் கேள்விகளை மூட வழியில்லை, அவை என்னோடு பஸ் ஏறி மட்டாஞ்சேரி வரைக்கும் வந்துவிடும்.

என் பெயர் சாந்தி. வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பெயர் வைத்த அன்று நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம்.

என்னிடம் ஒரு பெரிய கைப்பை உண்டு. அதற்கு எங்கள் வீட்டில் 'இருக்கட்டும் பை' என்று பெயர். குடை, டார்ச், ஊக்கு, ஊசி நூல், குளுக்கோஸ் பொட்டலம், மெழுகுவர்த்தி, யாருக்காவது வாந்தி வந்தால் வேண்டுமே என்று நாலைந்து பிளாஸ்டிக் கவர், எல்லாம் அதற்குள் இருக்கும். இது எதற்கு என்று கேட்டால், இருக்கட்டும் என்பேன். என் வீட்டுக்காரர் முருகேசன் மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு, சுக்கு, மிளகாய் வற்றல் வியாபாரம் செய்கிறார். அவருடைய தாத்தாவின் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. வீட்டுக்கு வேண்டிய கவலையை நான் ஒருத்தியே பட்டுவிடுவதால் அவருக்கு மிச்சம் வைப்பதில்லை.

எங்களுக்கு ஒரே மகள், அபிராமி. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, சயன்ஸ் எடுக்க மாட்டேன், காமர்ஸ்தான் என்று நின்றாள். நான் ஒரு மாதம் புலம்பினேன். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மாதமும் கேட்டாள். இப்போது பிளஸ் டூ. (இந்தக் கட்டுரையை நான் தமிழில் தைரியமாக எழுதுவதற்கு ஒரு காரணம், அவள் மலையாளம் தண்ணீராகப் படிப்பாள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இரண்டாவது பத்தியிலேயே பொறுமை போய்விடும்.)

போன வருடம் ஜூனில் அவளுடைய ஷீபா டீச்சர் எனக்குப் போன் செய்தார். மாவட்டப் பள்ளிகளுக்கிடையே ஒரு போட்டி. பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து ஒரு தொழில் திட்டம் போட்டு, மேடை ஏறி நடுவர்களிடம் விளக்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் வழிகாட்ட ஒரு பெரியவர் வேண்டும். "மேடம் பேங்கிலல்லே, மேடத்தினே விட்டா வேறாரு?" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அபி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அம்மா, ரெண்டே ரெண்டு காரியம்," என்றாள். "கணக்கு சரியான்னு மட்டும் நோக்கு. போட்டி நடக்கற அன்னைக்கு ஸ்டேஜ் பக்கமே வரக்கூடாது, கேட்டியா? இது ஒண்ணையாவது எனக்கு விட்டுத் தா."

நான் விட்டுத் தந்துவிட்டதாகத்தான் சொன்னேன்.

குழுவில் மூன்று பேர். அபி, அவள் கூட்டுக்காரி ஷிஃபானா, ஜோயல் என்று ஒரு பையன். ஷிஃபானா வீட்டிலும் தமிழ்தான், அவள் வாப்பாவுக்கு எங்கள் தெருமுனையில் துணிக்கடை. ஜோயல் தோப்பும்படிப் பையன், எங்கள் வீட்டில் சாப்பிட்டுச் சாப்பிட்டே தமிழ் கற்றுக்கொண்டவன். அவர்களுடைய திட்டம் இதுதான். மட்டாஞ்சேரி படகுத்துறையில் மஞ்சள் குடைகள் மாட்டிய ஒரு ஸ்டாண்டு. மழையில் மாட்டிக்கொண்ட யார் வேண்டுமானாலும் ஒரு குடையை எடுத்துக்கொண்டு போகலாம். எர்ணாகுளம் துறையில் இன்னொரு ஸ்டாண்டு, அங்கே மாட்டிவிட வேண்டும். எடுப்பவர் காசு தர வேண்டாம். குடைத் துணியில் கடைகளின் பெயர் அச்சடித்திருக்கும், அந்தக் கடைகள் காசு தரும். வீடுகளில் கம்பி உடைந்து மூலையில் கிடக்கும் குடைகளை வாங்கிச் சரிசெய்து மஞ்சள் துணி போட்டு, மாதிரிக்கு இருபது குடை தயாரித்தும்விட்டார்கள். முதல் விளம்பரம் என் வீட்டுக்காரருடைய கடை.

கடன் பிரிவில் இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல திட்டம் என் மேசைக்கு வந்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"குடை திரும்பி வரலேன்னா?" என்றேன்.

"வரும்," என்றாள் அபி.

"எப்படித் தெரியும்?"

"எங்க போகும்? இந்தக் கரையில மட்டாஞ்சேரி, அந்தக் கரையில எர்ணாகுளம், நடுவுல காயல். மஞ்சக் குடையை வெச்சு ஆரும் ஒளிக்க முடியாதும்மா."

"மனுஷங்களை உனக்குத் தெரியாது. ஆதார் கார்டு வாங்கி வைக்கணும். டெபாசிட் வாங்கணும். குடைக்கு ஒரு சங்கிலி..."

"சங்கிலி போட்டா குடையை எப்படி ஆன்ட்டி கொண்டு போறது?" என்றாள் ஷிஃபானா, மிகவும் மரியாதையாக.

நான்கு சனிக்கிழமையும் இதே சண்டைதான். பிள்ளைகள் விற்பனை, செலவு, லாபம் எல்லாம் அழகாகப் போட்டு முடித்தார்கள். நான் ஒவ்வொரு முறையும் குடை திரும்பி வருமா என்ற இடத்திலேயே வந்து நின்றேன். கடைசிச் சனிக்கிழமை ஜோயல், நான் வாயைத் திறக்கும் முன்பே, "ஆன்ட்டி, குடை வரும். நீங்க சாயா குடிங்க," என்றான்.

எனக்கு ஏன் அவ்வளவு பதற்றம் என்றால், அந்தப் போட்டியில் கோப்பையைவிடப் பெரிய ஒரு விஷயம் இருந்தது. நடுவர்களில் ஒருவர் படகுத்துறைகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. திட்டம் அவருக்குப் பிடித்துவிட்டால், இந்த மழைக்காலத்திலேயே துறையில் ஸ்டாண்டு வைக்க அனுமதி தருவதாக ஷீபா டீச்சரிடம் சொல்லியிருந்தார். அபி அதற்காகத் தூக்கமில்லாமல் கிடந்தாள். கோப்பை போனால் போகட்டும், ஸ்டாண்டு வேண்டும் என்பாள். அவள் தானாக ஆசைப்பட்டு, தானாகச் செய்த முதல் காரியம் அது. அது என்னால் ஒருபோதும் கெட்டுவிடக் கூடாது என்று நான் வேண்டாத சாமியில்லை.

போட்டி நாள் காலையில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. நான் பையை நிரப்பினேன். அவர்கள் மேடையில் காட்டப்போகிற படங்கள் அடங்கிய பென்டிரைவ் மூன்று. இன்னொரு குடை. ஃபிரிட்ஜின் மேல், புதிதாக வந்த சரக்கின் மாதிரி என்று என் வீட்டுக்காரர் வைத்திருந்த மிளகாய் வற்றல் பொட்டலம் கண்ணில் பட்டது. அதையும் எடுத்துப் போட்டேன்.

"அது எதுக்கு?" என்றார் அவர்.

"இருக்கட்டும்."

கலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு ஏசி மண்டபத்தில் போட்டி. எல்லாக் கதவும் சன்னலும் இறுக்கமாகச் சாத்தி, உள்ளே ஏசி குளிரடித்தது. அபி என்னை மூன்றாவது வரிசையில் உட்காரவைத்து, "இங்கயே இரு," என்று சொல்லிவிட்டு மேடைக்குப் பின்னால் போனாள். பக்கத்து நாற்காலியில் இடப்பள்ளியில் ஒரு பெரிய பள்ளியிலிருந்து வந்த பிள்ளையின் அம்மா. அவர்கள் குழு எல்லோருக்கும் ஒரே மாதிரி கோட்டு தைத்துப் போட்டிருந்தது. நான் அவற்றைப் பார்த்தே பாதி செத்துவிட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மஞ்ஞக் குடையின்ற குட்டிகளல்லே? மிடுக்கிகளா. அவரு தன்னே ஜெயிக்கும்," என்று, கெட்டிக்காரப் பிள்ளைகள், அவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று பாராட்டினார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார்.

பாராட்டை நான் எப்படியோ தாங்கிக்கொள்வேன். பெருமூச்சோடு வருகிற பாராட்டு எனக்கு ஆகாது. நான் படித்தவள்தான். கண்ணேறு, திருஷ்டி என்று யாராவது கடன் விண்ணப்பத்தில் எழுதினால் சிரித்துவிட்டுத் தள்ளிவிடுவேன். ஆனாலும் என் மூளை வேலைசெய்கிற விதம் அப்படி. பென்டிரைவ் கெட்டால் இன்னொன்று இருக்கிறது, கரண்டு போனால் டார்ச் இருக்கிறது, மயக்கம் வந்தால் குளுக்கோஸ் இருக்கிறது, பெருமூச்சுக்கு மட்டும் ஒரு ஏற்பாடும் இல்லையே என்று அது என்னைப் பிடுங்கத் தொடங்கியது. மடியில் இருந்த பைக்குள் அந்தப் பொட்டலம் கையில் தட்டுப்பட்டது.

மேடைக்குப் பின்னால் மூன்று பேரும் தங்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள்.

"எதுக்கும்மா வந்தே?" என்றாள் அபி. குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. அவளுடைய அப்பாவைப் போல, கோபம் வந்தால் அவளுக்குக் குரல் இறங்கும்.

"ரெண்டே நிமிஷம். கிழக்கே பார்த்து நில்லுங்க. சுத்திப் போட்டுட்டுப் போயிடறேன்."

"அம்மா, ப்ளீஸ்."

"எங்க உம்மாவும் செய்யும் ஆன்ட்டி. எனக்குக் குழப்பமில்ல," என்று ஷிஃபானா உடனே திரும்பி நின்றாள்.

"எங்க மம்மி செய்யும்போ கூட ஒரு ஜெபம் உண்டு," என்றான் ஜோயல். "ஆன்ட்டி முளகை சுத்துங்க. ஜெபம் நான் மெதுவா சொல்லிக்கறேன்."

அபி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு கை மிளகாயை எடுத்து மூன்று பேரையும் சேர்த்து இடமும் வலமும் சுற்றினேன். சுற்றி முடிக்கவும் அவர்கள் குழுவின் பெயரை மைக்கில் கூப்பிடவும் சரியாக இருந்தது. மூவரும் மேடைக்கு ஓடினார்கள். நான் மூடிய கையோடு நின்றேன். சுற்றியதை நெருப்பில் போட்டாக வேண்டும். குப்பைத் தொட்டியில் போட்டால் பலிக்காது, பையில் திருப்பிப் போட்டால் கண் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும்.

நெருப்புக்கு எங்கே போவது என்று சுற்றிப் பார்த்தேன். நடைவழியின் கோடியில் சாயா போடும் சிறிய அறை இருந்தது. அடுப்பு சிம்மில் எரிந்துகொண்டிருந்தது. சாயாக்காரச் சேட்டன் தட்டை எடுத்துக்கொண்டு நடுவர்களுக்குச் சாயா கொடுக்கப் போயிருந்தார். நான் கெட்டிலை இறக்கிவைத்து, பக்கத்தில் கிடந்த ஒரு பழைய இரும்புச் சட்டியை ஏற்றினேன். அடுப்புக்கு நேர் மேலே கூரையில் கம்பி வலை போட்ட சதுரமான திறப்பு ஒன்று இருந்தது. புகை போக எவ்வளவு நன்றாக வழி வைத்திருக்கிறார்கள் என்று கட்டியவர்களை மனதுக்குள் பாராட்டினேன். (கடன் கேட்பவர்களின் பட்டறைக்குப் போனால் முதலில் காற்றோட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் தொழில். அந்த அனுபவத்தில்தான் பாராட்டினேன்.)

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சுற்றிய மிளகாயை நெருப்பில் போட்டால் நெடி மூக்கைத் துளைக்க வேண்டும். எல்லோரும் இருமித் தும்மினால் நிம்மதி, பெரிய கண் ஒன்றும் படவில்லை என்று அர்த்தம். நெடியே வராமல் மிளகாய் கருகிப்போனால் பட்டது பொல்லாத கண். எங்கள் பக்கத்தில் இதை நம்பாதவர்களும் மிளகாய் கருகும்போது மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார்கள்.

நான் மிளகாயைப் போட்டேன். அது புகைந்தது, கருத்தது, சுருண்டது. நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தேன். ஒரு சின்ன இருமல்கூட வரவில்லை. புகை மேலே அந்த வலைக்குள் சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பெருமூச்சு சாதாரணப் பெருமூச்சு இல்லை என்பது உறுதியாகிவிட்டது. ஒரு கை மிளகாய்க்கே அசையாத கண்ணை என்ன செய்வது? பொட்டலத்தில் மீதியிருந்தது முழுவதையும் சட்டியில் கொட்டி அடுப்பைப் பெரிதாக வைத்தேன். அப்போதும் நெடி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் யாரோ இருமுவது கேட்டது. பிறகு இன்னும் நாலைந்து பேர். மழைக்காலம், ஊர் முழுக்கச் சளி, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் நடந்ததைப் பிறகு ஷிஃபானா சொல்லித்தான் அறிந்தேன். அபி மைக்கைப் பிடித்து வணக்கம் சொல்லிவிட்டு, "மழை வரும்போது நம்மில் எத்தனை பேர்..." என்று மலையாளத்தில் ஆரம்பித்திருக்கிறாள். முதலில் இருமியது அவள்தான். பயத்தில் தொண்டை அடைக்கிறது என்று டீச்சர் தண்ணீர் நீட்டினாராம். அப்புறம் படகுத்துறை அதிகாரி ஒரு தும்மல் போட்டார், இன்னொன்று போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்திலிருந்த நடுவர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குட்டி இப்போதுதானே தொடங்கினாள், எனக்கு ஏன் அழுகை வருகிறது என்றாராம். கோட்டுப் போட்ட பிள்ளைகள் கோட்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அப்போது கடைசி வரிசையில் யாரோ எழுந்து, "கேஸ் லீக்" என்று கத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான், மண்டபம் முழுவதும் வாசலுக்கு ஓடியது.

அடுப்புக்கு மேலே இருந்தது புகைபோக்கி இல்லை. அது ஏசி மறுபடி குளிர வைப்பதற்காகக் காற்றை உள்ளே இழுக்கும் வழி. என் கண்ணேற்றை அது ஒரு துளி வீணாக்காமல் உறிஞ்சி, குளிர வைத்து, மண்டபம் முழுவதற்கும் சரிசமமாகப் பங்கு வைத்திருக்கிறது.

இது எதுவும் தெரியாமல் நான் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ ஓடிப்போய் ஏசியை நிறுத்தினார்கள். மேலே உர்ரென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அதுவரை மேலே போன புகை ஒரு கணம் நின்று, திரும்பிக் கீழே இறங்கியது. அப்போதுதான் எனக்கு நெடி வந்தது. இருமலில் கண் பிதுங்கியது. அந்த நிலையிலும், அப்பாடா, கண் கழிந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சாயாக்காரச் சேட்டன் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்தார். "சேச்சி, எந்தா இது வறக்குன்னது?" என்றார். அவருக்குப் பின்னாலேயே மண்டபத்து மேனேஜர் வந்து, சட்டியைக் கண்டதும் அந்த மனிதரைப் பிடித்துத் திட்ட ஆரம்பித்தார். அதற்கு மேல் என்னால் பேசாமல் நிற்க முடியவில்லை.

"அவரில்லை சார். நான்," என்றேன். "பிள்ளைகளுக்கு... கண்ணு..."

அதற்கு மேல் இருமல் பேசியது.

வெளியே போர்ட்டிகோவில் ஊரே நின்றது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேனேஜர் என்னை அழைத்துக்கொண்டு போய்ப் போட்டி நடத்துபவர்களுக்கு முன்னால் நிறுத்தினார். நடுவர்களில் வயதானவர் ஒருவர் கண்ணில் தண்ணீர் வழிய என்னைப் பார்த்தார். "குட்டிகள்க்கு கண்ணு கிட்டியோ?" என்று விசாரித்தார்.

"கிட்டியது சார்."

"இப்போ மாறியோ?"

"மாறிடுச்சு சார்," என்றேன். யாரோ சிரித்தார்கள். அபி சிரிக்கவில்லை. குழுவை நீக்க வேண்டாம், மதியம் சன்னலைத் திறந்துவைத்து மறுபடி நடத்தலாம், ஆனால் அந்த மேடம் தயவுசெய்து வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று முடிவானது. அபியின் கண்கள் சிவந்திருந்தன. மிளகாயா, அழுகையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போர்ட்டிகோ எல்லோருக்கும் போதவில்லை. ஷிஃபானாவும் ஜோயலும் மாதிரிக்குக் கொண்டுவந்த குடைகளை எடுத்துக் காருக்குப் போகிறவர்கள், சாயாக்கடைக்குப் போகிறவர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஆன்ட்டி, நனையாதீங்க," என்று ஷிஃபானா என் கையிலும் எதையோ திணித்தாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

நடக்கும்போது அழுகை வந்தது. கண்ணைத் துடைத்தேன். துடைத்தது மிளகாய் பிடித்த கை. அதற்குப் பிறகு மட்டாஞ்சேரி வரை நான் உலகத்தைப் பார்க்கவில்லை. என்னைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் தும்ம ஆரம்பித்தார்கள். கண்டக்டர், "ஆரா முளகுபொடி கொண்டுவன்னது? ஒன்னு மூடி வெக்கணே," என்று பஸ்ஸுக்குப் பொதுவாகச் சொன்னார். நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"ஃபிரிட்ஜ் மேல வெச்சிருந்த சரக்கா?" என்றார்.

"ஆமா."

"அந்த ஒரு பொட்டலமா மொத்த ஹாலையும் காலி பண்ணிச்சு?"

அவர் முகத்தில் எட்டிப்பார்த்தது பெருமை. கடைக்குக் கிளம்பும்போது நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

நான் முகம் கழுவிவிட்டு, நனைந்த குடையை விரித்து ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டு, கண்ணில் ஈரத் துணியோடு சோபாவில் கிடந்தேன். போன் வரவில்லை. மூன்று மணிக்கு வரவில்லை, நாலு மணிக்கும் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஸ்டாண்டு போய்விடுமே என்ற பயம் கொஞ்சம்தான். இனிமேல் எதையும் அவள் என்னிடம் கொண்டுவர மாட்டாள், வெளியே போய்ச் செய்துவிட்டு எனக்குத் தெரியாமலே இருந்துவிடுவாள் என்ற பயம்தான் அதிகம்.

சாயங்காலம் மூன்று பேரும் வந்தார்கள். ஜோயல் தொப்பலாக நனைந்திருந்தான். ஷிஃபானா நடந்ததைச் சொன்னாள். மதியம் சன்னலெல்லாம் திறந்துவைத்து, மழைச் சத்தத்தோடு பேசினார்களாம். கோப்பை கோட்டுப் பிள்ளைகளுக்குப் போய்விட்டது. (பெருமூச்சு விட்டவருக்கே.) ஆனால் படகுத்துறை அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். குடை திரும்பி வருமா? அபி, வாருங்கள் சார் எண்ணிப் பார்க்கலாம் என்று அவரைப் போர்ட்டிகோவுக்கே கூட்டிக்கொண்டு போனாள். காலையில் ஆளாளுக்கு எடுத்துப்போன குடைகள் எல்லாம் பெஞ்சில் வந்து கிடந்தன. எண்ணினால் பத்தொன்பது.

"ஒண்ணு இல்ல," என்றாள் அபி. அன்று காலைக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "ஜோயல் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தேடினான். அந்த இடப்பள்ளி ஆன்ட்டிகூட துடைச்சு மடக்கித் திரும்பத் தந்தாங்க. இருபதாவதும் கிடைச்சா ஆபீசுக்கு வா, பேசலாம்னு சார் சொல்லிட்டாரு. ஆரு கொண்டு போனாங்கன்னே..."

அவள் பேச்சு நின்றது. அவள் பார்வை போன பக்கம் நானும் திரும்பினேன். கண் ஓரளவு திறந்திருந்ததால் அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. ஃபேனுக்கு அடியில் மஞ்சளாக ஒரு குடை, அதன்மேல் அவளுடைய அப்பாவின் கடைப் பெயர், மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஷிஃபானா தந்தாள்," என்றேன்.

"உன் பையில குடை உண்டோ?"

"உண்டு."

"எத்தனை?"

"ரெண்டு."

கூட்டத்தில் எனக்குத் தந்தது அப்போதுதான் ஞாபகம் வந்த ஷிஃபானா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். ஜோயல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான், அவன் தோள் குலுங்கியது. அபி மட்டும் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் குடையை என் கையில் கொடுத்தாள். "நீதான் கொண்டு போய்க் கொடுக்கணும். எங்க இருந்துச்சுன்னும் நீதான் சொல்லணும்," என்றாள்.

வங்கிக்கு அரை நாள் லீவு போட்டேன். படகுத்துறை அலுவலகத்தில் அதிகாரியின் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கேட்டு வருகிறவர்கள் உட்காரும் அந்த நாற்காலியில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. என்னிடம் கோப்போடு வருகிறவர்கள் ஏன் அப்படி நுனியிலேயே உட்காருகிறார்கள் என்று அப்போது புரிந்தது. பின்னால் மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். நான் குடையை மேசைமேல் வைத்தேன்.

"இது எவிடெயாயிருன்னு?" என்றார் அவர்.

"எங்க வீட்ல இருந்துச்சு சார். நான்தான் கொண்டு போயிட்டேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அன்னத்தெ முளகு மேடம்?"

"ஆமா சார்."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு, நீங்கள் வங்கியில் கடன் கொடுக்கிறவர் என்று டீச்சர் சொன்னாரே, நீங்களே சொல்லுங்கள், துறையில் வைத்தால் இந்தக் குடைகள் திரும்பி வருமா என்று கேட்டார். நான்கு சனிக்கிழமையும் நான் கேட்ட அதே கேள்வி. அபி மூச்சு விடுவது நின்றுபோனது எனக்கு முதுகில் தெரிந்தது. வராது என்பதற்கு என்னிடம் நாற்பது காரணம் எப்போதும் தயாராக இருக்கும். அன்று ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"வரும் சார்," என்றேன். "நானே கொண்டு வந்துட்டேனே. மத்தவங்க கொண்டு வர மாட்டாங்களா?"

இந்தத் தடவை அவர் தும்மவில்லை, வாய்விட்டுச் சிரித்தார். இந்த மழைக்காலம் வரைக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெளியே வந்தோம். அபி என் தோளில் கிடந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "என்ன இது, இவ்வளவு வெயிட்டா இருக்கு," என்றாள்.

ஸ்டாண்டு இந்த வருடமும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் அந்தச் சரக்குக்குக் 'கலூர் மிளகாய்' என்று பெயர் வைத்துவிட்டார், பஜாரில் இப்போது எல்லோரும் அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள். வீட்டில் தாளிக்கும்போது யாராவது இருமினால், "பயப்படாதீங்க, நெடி வந்தாச்சு," என்று அப்பாவும் மகளும் ஒரே குரலில் சொல்கிறார்கள். படகுத்துறையில் யாரும் டெபாசிட் இல்லாமல் குடை எடுக்கலாம், பெயர்கூடச் சொல்ல வேண்டாம். எனக்கு மட்டும் தனிச் சட்டம். ஸ்டாண்டில் நிற்கும் பிள்ளைகளிடம் அபி என் போட்டோவைக் காட்டிவைத்திருக்கிறாள். நான் குடை எடுத்தால் 'இருக்கட்டும் பை'யை அங்கே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். முதல் நாள் பை இல்லாமல் படகில் உட்கார்ந்தபோது கை இரண்டையும் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் மழை இல்லாத நாளில்கூடச் சில சமயம் பையை அங்கே வைத்துவிட்டு ஒரு குடையை எடுத்துக்கொள்கிறேன்.